யாருடைய நிலா?

1977 மார்ச் 10ஆம் தேதி இரவு. வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் வரும் ஜவ்வாது மலைக் காவலூரில், ஒரு மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி துலா ராசியில் ஒரு மங்கலான நட்சத்திரத்தை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த நட்சத்திரத்துக்குப் பெயர்கூடக் கிடையாது, எஸ்.ஏ.ஓ. 158687 என்ற அட்டவணை எண் மட்டும்தான். அன்றிரவு யுரேனஸ் அதற்குக் குறுக்கே வரும் என்று கணக்குச் சொன்னது. கோள் நட்சத்திரத்தை மறைக்கும்போது ஒளி எப்படிக் குறைகிறது என்று அளந்தால் கோளின் விட்டமும் அதன் வளிமண்டலத்தின் தன்மையும் பிடிபடும். வானியலாளர்கள் எதிர்பார்த்தது அவ்வளவுதான்.

ஆனால் யுரேனஸ் குறுக்கே வராத நேரத்திலேயே நட்சத்திரம் ஒருமுறை மங்கிவிட்டுப் பழையபடி ஒளிர்ந்தது. மேகம் இல்லை, கருவிக் கோளாறும் இல்லை. ஏதோ ஒன்று நடுவில் புகுந்து கடந்திருக்கிறது. பதிவை ஆராய்ந்த ஜே. சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் வந்த முடிவு: யுரேனஸுக்கு இதுவரை யாரும் காணாத ஒரு நிலா இருக்கிறது. அப்போது யுரேனஸுக்குத் தெரிந்த நிலாக்கள் ஐந்து. காவலூர் ஆறாவதைக் கண்டுவிட்டதாகவே அவர்கள் நினைத்தார்கள்.

அதே நேரத்தில் இந்தியப் பெருங்கடலுக்கு மேலே அமெரிக்காவின் கைப்பர் பறக்கும் ஆய்வகம் அந்த நட்சத்திரத்தையே துரத்திக்கொண்டிருந்தது. ஜேம்ஸ் எலியட், எட்வர்ட் டன்ஹாம், டக்ளஸ் மிங்க் மூவரும் அந்த விமானத்தில் இருந்தார்கள். நிழல் விழும் நேரக் கணக்கில் உறுதி இல்லாததால் கருவியை முன்கூட்டியே ஓடவிட்டிருந்தார்கள். அந்த எச்சரிக்கையால்தான் கண்டுபிடிப்பே கிடைத்தது. கோள் மறைப்பதற்கு முன் ஒளி பலமுறை சட்டென்று தாழ்ந்து எழுந்தது. மறைத்து விலகிய பிறகும் அப்படியே. அவர்களும் முதலில் சிறு நிலாக்கள் என்றுதான் பேசிக்கொண்டார்கள். பிறகு முன்பக்கத் தாழ்வுகளையும் பின்பக்கத் தாழ்வுகளையும் ஒப்பிட்டபோது, கோளிலிருந்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் அவை இணை இணையாக நின்றன. இரு பக்கமும் ஒரே கணக்கில் நிலாக்கள் வரிசை கட்டி நிற்பதற்கு வாய்ப்பே இல்லை. யுரேனஸுக்கு வளையங்கள் இருக்கின்றன!

1977 மே மாத 'நேச்சர்' இதழில் மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்த பக்கங்களில் வந்தன. 328ஆம் பக்கத்தில் எலியட் குழு வளையம் என்றது. 330இல் ஆஸ்திரேலியாவின் பெர்த்திலிருந்து பார்த்த குழுவும் வளையம் என்றது. 331இல் காவலூர், நிலா என்றது. ஒரே இரவு, ஒரே நட்சத்திரம். அச்சில் இரண்டு பதில்கள். காவலூரார் கண்டது யுரேனஸின் வளையங்களில் தடித்ததான எப்சிலான் வளையம். அதே ஆண்டின் கடைசியில் பட்டாச்சாரியாவும் ஆய்வகத்தை உருவாக்கிய வைணு பாப்புவும் அந்தப் பதிவை மறுபடி அலசி, வளையங்களைப் பற்றியே நேச்சரில் எழுதினார்கள்.

இதை ஒரு தோல்விக் கதையாகச் சொல்வது வழக்கம். "கைக்கெட்டியது வாய்க்கெட்டவில்லை" என்று நம்மவர்கள் அங்கலாய்ப்பார்கள். அந்த அங்கலாய்ப்பு ஒரு நல்ல கேள்வியை மூடிவிடுகிறது. ஒளி மங்கியது உண்மை. எதனால் மங்கியது என்பதற்குச் சூட்டிய பெயரில்தான் தகராறு. அந்தப் பெயரும் முழுக்கத் தவறா? எப்சிலான் வளையம் தகடு அல்ல. யுரேனஸின் மையத்திலிருந்து சுமார் 51,000 கி.மீ. தொலைவில், சில இடங்களில் 20 கி.மீ. அகலமும் சில இடங்களில் 100 கி.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலமுமாக ஓடும் கரிய கற்களின் திரள் அது. ஒவ்வொரு கல்லும் தனக்கென்று ஒரு பாதையில் கோளைச் சுற்றிவருகிறது. ஒரு கோளைச் சுற்றுவதுதான் நிலாவின் இலக்கணம் என்றால், காவலூர் அன்று கண்டது ஒரு நிலா இல்லை, எண்ணில் அடங்காத நிலாக்கள்.

இங்கே வானியல் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள, தத்துவம் உள்ளே வருகிறது. பலவற்றின் சேர்க்கை தனியான ஒரு பொருளா, அல்லது பலவற்றுக்கு நாம் வைத்த பெயர்தானா? இந்தியத் தருக்கத்தில் இது பழைய வழக்கு. நியாய, வைசேடிகத்தார் முழுமை என்பது உறுப்புகளிலிருந்து வேறான உண்மையான பொருள் என்றார்கள். நூல்களில் இருந்து துணி பிறக்கிறது. துணி வெறும் நூல்களின் கும்பல் இல்லை. பௌத்தர்கள் விடவில்லை. நூலை ஒவ்வொன்றாக உருவிவிட்டால் துணி எங்கே போயிற்று, காட்டு என்றார்கள். தமிழில் இந்த வாதத்தின் வாசலை மணிமேகலையில் பார்க்கலாம். வஞ்சி மாநகரில் சமயவாதிகள் ஒவ்வொருவரிடமும் அவரவர் கொள்கையை மணிமேகலை கேட்டுவரும் காதையில் வைசேடிகவாதியும் வருகிறான். பொருள், குணம், கருமம், சாமானியம், விசேடம், கூட்டம் என்று உலகத்தை ஆறாகப் பிரித்து வைக்கிறான். பிறகு அவள் காஞ்சிக்குப் போய் அறவண அடிகளிடம் பௌத்தத் தருக்கம் கற்கிறாள்.

வளையத்தை எடுத்துக்கொண்டால் இரண்டு கட்சிக்கும் தீனி கிடைக்கிறது. பௌத்தர் பக்கம்: கற்களைத் தவிர வளையம் என்று அங்கே வேறொன்றும் இல்லை. நியாயத்தார் பக்கம்: தனித்தனிக் கல்லுக்கு இல்லாத குணங்கள் வளையத்துக்கு உண்டு. எப்சிலான் வளையம் முழுவதுமாகச் சேர்ந்து ஒரே நீள்வட்ட வடிவத்தைக் காக்கிறது, அந்த வடிவமே மெல்லத் திரும்புகிறது. ஓரம் கத்தரித்த மாதிரி நிற்கிறது. கற்கள் தம் போக்கில் மோதிக்கொண்டு கிடந்தால் வளையம் என்றைக்கோ பரவி மறைந்திருக்கும். மறையாமல் இருப்பதற்குக் காரணம் 1986 ஜனவரி 24 அன்று யுரேனஸைக் கடந்த வாயேஜர் 2 விண்கலம் வழியாகத் தெரிந்தது. வளையத்தின் உட்புறம் கார்டீலியா, வெளிப்புறம் ஒஃபீலியா என்று இரண்டு சிறு நிலாக்கள். இவற்றின் ஈர்ப்பு வளையத்தை இரு பக்கமும் ஒதுக்கி நிறுத்துகிறது. காவலூரார் நிலா என்று நினைத்ததைக் காத்து நிற்பது இரண்டு நிலாக்கள்!

(அதே 1986 ஜனவரியில்தான், 6ஆம் தேதி, 2.34 மீட்டர் தொலைநோக்கியைப் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூரில் திறந்து வைத்தார். பாப்பு அதைப் பார்க்கவில்லை. 1982இல் ஜெர்மனியில் காலமாகியிருந்தார். இன்று ஆய்வகமும் அந்தத் தொலைநோக்கியும் அவர் பெயரில் இருக்கின்றன.)

நிலாவுக்கும் வளையத்துக்கும் நடுவில் வேலி போடுவது எளிதில்லை. செவ்வாயின் போபோஸ் நூற்றாண்டுக்கு இரண்டு மீட்டர் அளவில் கோளை நோக்கி இறங்கிக்கொண்டிருக்கிறது. சில கோடி ஆண்டுகளில் ஒன்று அது செவ்வாயில் விழும், இல்லையென்றால் ஈர்ப்பால் சிதைந்து வளையமாகும். கோளுக்கு மிக நெருங்கினால் நிலா உடைகிறது. தூரத்தில் சிதறல் சேர்ந்து நிலா ஆகிறது. 2006இல் கோள் என்றால் என்ன என்று ஓட்டெடுப்பு நடத்தி, புளூட்டோவைப் பட்டியலில் இருந்து நீக்கிய பன்னாட்டு வானியல் ஒன்றியம், நிலா என்றால் என்ன என்று இன்றுவரை வரையறை எதையும் ஏற்றுக்கொள்ளவில்லை. குறைந்தபட்ச அளவு என்று எதுவும் கிடையாது. 2025 மார்ச்சில் சனிக்கு ஒரே அடியாக 128 நிலாக்கள் சேர்க்கப்பட்டு எண்ணிக்கை 274 ஆனது. எல்லாம் சில கிலோமீட்டர் அளவுள்ள பாறைகள். அதே ஆண்டு ஆகஸ்டில், ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியால் யுரேனஸுக்கு 29ஆவது நிலா கிடைத்ததாக அறிவிக்கப்பட்டது. விட்டம் பத்து கிலோமீட்டர் இருக்கும். ஒஃபீலியாவுக்கு வெளியே, எப்சிலான் வளையத்திலிருந்து அதிகத் தொலைவில்லாத இடம்.

அளவு உதவாது என்றால் வேறெது உதவும்? வியாழனின் கனிமீடு 5,268 கி.மீ. விட்டம். புதன் 4,879 கி.மீ.தான். ஆனாலும் புதன் கோள், கனிமீடு நிலா. கனிமீடோடும் காவலூருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. 1972 ஜூன் 7 அன்று கனிமீடு ஒரு நட்சத்திரத்தை மறைத்தபோது, அப்போதுதான் நிறுவப்பட்டிருந்த அதே ஒரு மீட்டர் தொலைநோக்கியும் இந்தோனேசியாவின் லெம்பாங் ஆய்வகமும் அதைப் பதிவு செய்தன. அந்த நிலாவுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கிறது என்று அறிவிக்கப்பட்டது. 1979இல் வாயேஜர் அளந்தபோது அந்த மதிப்பு பல்லாயிரம் மடங்கு மிகை என்று தெரிந்தது. பின்னர் 1995இல் ஹப்பிள், மிக மிக மெல்லிய ஆக்சிஜன் இருப்பதைக் கண்டது. இருக்கிறது என்றது சரி, எவ்வளவு என்றது தவறு.

கோளுக்குரிய எல்லாம், காந்தப்புலம் உட்பட, கனிமீடிடம் இருந்தும் அது நிலாவாகவே எண்ணப்படுகிறது. காரணம் அதனுள் இல்லை, அதன் பாதையில் இருக்கிறது. அது வியாழனைச் சுற்றுகிறது. நாளை ஏதோ ஒரு விபத்தில் வியாழனிடமிருந்து கழன்று சூரியனைத் தனியே சுற்றத் தொடங்கினால், ஒரு துகளும் மாறாமலே அது கோளாகிவிடலாம். மாமா என்பது ஒருவரின் உடம்பில் இருக்கும் அடையாளம் இல்லை. அக்காவுக்குப் பிள்ளை பிறந்த நொடியில், ஊரில் இல்லாத ஆளும் மாமா ஆகிவிடுகிறார். நிலா என்பதும் அப்படியொரு உறவுப் பெயர்.

ஆனால் உறவு என்பது உண்மையில் இருக்கிற ஒன்றா? ஏழாம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தர்மகீர்த்தி 'சம்பந்த பரீட்சை' என்று இதற்காகவே ஒரு சிறு நூல் எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இது: இரண்டு பொருள்கள் வேறு வேறு என்றால் அவற்றை இணைக்க மூன்றாவது ஒன்று வேண்டும், அந்த மூன்றாவதை இவற்றோடு இணைக்க நான்காவது வேண்டும், இதற்கு முடிவில்லை. இரண்டும் ஒன்றே என்றால் இணைப்புக்கே வேலையில்லை. ஆகவே உறவு என்பது நம் மனத்தின் தையல். அந்த நூலின் செய்யுள்களை எடுத்துப் போட்டு விரிவாக மறுத்தவர் பிரபாசந்திரர் என்ற சமண ஆசிரியர். பொருள்கள் ஒரு வகையில் வேறு, ஒரு வகையில் ஒன்று, அதனால் உறவு சாத்தியம் என்பது சமணர் வழி.

பூமியையும் நிலாவையும் சாட்சிக்கு அழைத்தால் தர்மகீர்த்தியின் கட்சி சற்றுத் தளர்கிறது. அந்த உறவு மனத்தில் மட்டும் இருந்தால் நாகப்பட்டினத்தில் கடல் ஏறி இறங்காது. 1969 முதல் நிலாவில் வைக்கப்பட்டுள்ள கண்ணாடிகளில் லேசர் ஒளியை அடித்துத் திரும்பப் பெற்று அளக்கிறார்கள், ஆண்டுக்கு 3.8 செ.மீ. வீதம் நிலா விலகிப்போகிறது. பூமியின் சுழற்சியிலிருந்து எடுத்த வேகத்தில்தான் அது விலகுகிறது; அதற்குக் கூலியாக நம் நாள் நூற்றாண்டுக்கு மில்லிவினாடி கணக்கில் நீள்கிறது. நிலா எப்போதும் ஒரே முகத்தை நமக்குக் காட்டுவதும் பூமி இழுத்து இழுத்து, அது தன்னைச் சுழலும் நேரத்தையும் பூமியைச் சுற்றும் நேரத்தையும் ஒன்றாக்கிவிட்டதால்தான். இழுப்பு ஒருவழிப் பாதையும் இல்லை. நிலா பூமியைச் சுற்றுகிறது என்று பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். உண்மையில் இரண்டும் ஒரு பொதுப் புள்ளியைச் சுற்றுகின்றன. அந்தப் புள்ளி பூமியின் மையத்திலிருந்து சுமார் 4,700 கி.மீ. தள்ளி, நம் காலடியில் 1,700 கி.மீ. ஆழத்தில் இருக்கிறது. புளூட்டோவுக்கும் அதன் நிலாவான சாரனுக்கும் அந்தப் புள்ளி இரண்டுக்கும் வெளியே, வெட்டவெளியில் கிடக்கிறது. யார் யாரைச் சுற்றுகிறார் என்று அங்கே கேட்டால் பதில் சொல்வது கஷ்டம்.

இன்னொரு கணக்கு பலருக்கு நம்பச் சிரமமாக இருக்கும். நிலாவைப் பூமி இழுப்பதைவிடச் சூரியன் இரண்டு மடங்குக்கு மேல் பலமாக இழுக்கிறது. சூரியனிலிருந்து பார்த்தால் நிலாவின் பாதை சுருள் சுருளாக இருக்காது. பூமியைப் போலவே சூரியனைச் சுற்றும், லேசாக அலையும் ஒரு பாதை. இதை வைத்து ஐசக் அசிமோவ், பூமியும் நிலாவும் இரட்டைக் கோள்கள் என்றே வாதாடினார். அப்படியானால் நிலா யாருடையது? சூரியன் பூமியையும் நிலாவையும் ஏறக்குறைய ஒரே அளவு முடுக்கத்தில் இழுப்பதால் அவர்களுக்குள் இருக்கும் பிணைப்பு கலைவதில்லை. பெரியவன் இருவரையும் சேர்த்தே இழுத்துக்கொண்டு போகிறான். பூமியின் பிடி சுமார் 15 லட்சம் கி.மீ. வரை செல்லுபடியாகும், நிலா 3,84,400 கி.மீ. தொலைவில், பிடிக்குள் பத்திரமாக இருக்கிறது. பத்து மீட்டர் அளவுள்ள 2024 பி.டி.5 என்ற கல் அப்படிப் பத்திரமாக இல்லை. 2024 செப்டம்பர் கடைசியில் பூமியின் பிடியில் சிக்கி, நவம்பர் 25 வாக்கில் கழன்று போனது. பத்திரிகைகள் அதைக் குட்டி நிலா என்று கொண்டாடின. ஒரு சுற்றுகூட முழுமையாக வராததைத் துணைக்கோள் என்பது சற்றுத் தாராளம்தான்.

இதே கேள்வியைக் காவலூர் இருக்கும் வட்டாரத்து ஊர்களிடமும் கேட்டுப் பார்க்கலாம். ஆற்காட்டிலிருந்து ஆரணி போகும் சாலையில் இருக்கிறது திமிரி. மேற்கே மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று தோல் பதனிடும் டேனரி ஊர்கள். தென்மேற்கே ஜவ்வாது மலை. திமிரிக் கோட்டைப் பகுதியில் சோமநாதீசுவரர் கோயில் உண்டு. பிறையைத் தலையில் சூடியவன் நிலாவுக்கு நாதனாகவும் வணங்கப்படுகிறான். எந்தச் சிவன் கோயிலிலும் நவக்கிரக மேடையைச் சற்று நின்று பார்த்தால், வானியல் பாடத்துக்கு ஒத்துவராத ஒரு சபை அங்கே கூடியிருப்பது தெரியும். நடுவில் சூரியன். சந்திரனுக்கு வெள்ளை வஸ்திரம், நெல். ராகுவுக்கு உளுந்து, கேதுவுக்குக் கொள்ளு. சூரியனும் சந்திரனும் செவ்வாயும் ஒரே தட்டில் கிரகங்கள். பூமிக்கு இடமே இல்லை, ஏனென்றால் பூமியில் நின்று பார்ப்பவர்கள் போட்ட மேடை அது. சந்திரன் யாருக்கும் துணைக்கோள் இல்லை அங்கே. தனக்கென்று திசையும் தானியமும் உடைய தெய்வம்.

சபையில் வியப்புக்குரிய இருவர் ராகுவும் கேதுவும். வானத்தில் அப்படி இரண்டு பொருள்கள் கிடையாது. சந்திரனின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரண்டு புள்ளிகள் அவை. அந்தப் புள்ளிகள் பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுகளில் ஒரு சுற்று முடிக்கின்றன; அவற்றுக்கு அருகே அமாவாசையோ பௌர்ணமியோ நேர்ந்தால்தான் கிரகணம். பூமியின் நிழல் சந்திரனை மறைப்பதால்தான் சந்திர கிரகணம் என்று 499இலேயே ஆரியபடர் எழுதிவிட்டார். ஆனாலும் மேடையில் பாம்புடல்கள் இறங்கவில்லை. அதைப் பகுத்தறிவுக் குறைவு என்று ஒதுக்குவது சுலபம். சாமான்யர் நம்பிய கதை அசுரன் விழுங்குகிறான் என்பதுதான், மறுக்கவில்லை. ஆனால் பஞ்சாங்கம் கணித்தவர்கள் அந்த இடங்களை டிகிரி சுத்தமாக அறிந்திருந்தார்கள். மூன்று பொருள்களுக்கு நடுவில் உள்ள வெறும் ஒரு தொடர்பை, எடையில்லாத ஒன்றை, கிரகங்களுக்குச் சமமாகக் கல்லில் வடித்து உளுந்தும் கொள்ளும் வைத்த சமூகம் இது. உறவும் ஒரு பொருளே என்று வாதாடிய வைசேடிகத்தாருக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைத்திருக்காது.

திமிரிக்குப் பக்கத்தில் விளாப்பாக்கத்தில் பஞ்சபாண்டவர் மலை. பெயர்தான் பாண்டவர், குகையும் சிற்பமும் சமணருடையவை. பல்லவ மன்னர் நந்திப்போத்தரசரின் 50ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அங்கே பொன்னியக்கியார் உருவத்தையும் நாகநந்தி என்ற ஆசிரியரையும் சொல்கிறது. அந்த ஆசிரியர்களின் உலகத்தில் நிலா ஒன்று இல்லை, இரண்டு. சமண அண்டவியல்படி நாவலந்தீவின் நடுவில் மேருமலை நிற்கிறது. அதைச் சூரியன் சுற்றிவர இரண்டு நாள் ஆகும். ஆனால் நமக்குத் தினமும் விடிகிறதே? அதற்காக எதிரெதிரே இரண்டு சூரியன்கள், இரண்டு நிலாக்கள். இன்று பார்க்கும் நிலா நேற்றைய நிலா இல்லை. அடுத்த கடலுக்கு நான்கு, அதற்கடுத்த தீவுக்குப் பன்னிரண்டு என்று எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும். வராகமிகிரரும் பிரம்மகுப்தரும் இதை மறுத்திருக்கிறார்கள். அவர்கள் மறுத்ததே சரி.

தவறான கணக்கிலும் ஒரு யோக்கியம் இருந்தது என்று தோன்றுகிறது. மேரு தட்டையான தீவின் நடுவில் இருக்கிறது என்பதைக் கைவிட அவர்களுக்கு மனமில்லை. கண்ணால் காணும் தினசரி விடியலையும் மறுக்க முடியவில்லை. இரண்டையும் காப்பாற்ற நிலாவை இரட்டிப்பாக்கினார்கள். ஒரு பொருளைப் பல பக்கம் இருந்து பார்க்க வேண்டும், எந்த ஒரு பார்வையும் முழுமை இல்லை என்ற அநேகாந்தக் கொள்கையை வளர்த்தவர்களும் இவர்களே. அந்தக் கொள்கையை மேருவின் மேல் பிரயோகித்திருந்தால் ஒரு நிலா மிச்சமாகியிருக்கும். 1977இல் காவலூரும் ஒளி மங்கியதைக் கண்டது, கையில் இருந்த பொருளான நிலாவை அதற்குப் பொருத்தியது. வித்தியாசம் ஒன்றே: காவலூரின் விடை அதே ஆண்டில் திருத்தப்பட்டது.

சைவ சித்தாந்திகளிடம் நிலாவைப் பற்றிக் கேட்டால் வேறு மாதிரி பதில் வரும். இறைவனுக்கும் உயிருக்கும் உள்ள தொடர்பை ஒன்றாய், வேறாய், உடனாய் என்று மூன்று நிலையாகச் சொல்வது அவர்கள் மரபு. பூமிக்கும் நிலாவுக்கும் அதைப் பொருத்திப் பார்க்கும் ஆசை யாருக்கும் வரும், ஏனென்றால் ஆதாரமும் துணைக்கு வருகிறது. அப்போலோ கொண்டுவந்த கற்களில் உள்ள ஆக்சிஜன் வகைகளின் விகிதங்கள் பூமியினுடையவற்றோடு அச்சாகப் பொருந்துகின்றன. இளம் பூமியில் செவ்வாய் அளவு பொருள் ஒன்று மோதி, சிதறியது சேர்ந்து நிலா ஆனது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நிலாவின் மேட்டு நிலத்தில் பரவியிருக்கும் அனார்த்தோசைட் பாறை நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டியிலும் கிடைக்கிறது; சந்திரயான் ஊர்தியை ஓட்டிப் பழக இஸ்ரோ அந்தப் பாறையைப் பொடித்துத்தான் செயற்கை நிலா மண் தயாரித்தது. ஆனால் இந்த ஒப்புமை அரை வழியில் நின்றுவிடும். சித்தாந்தத்தில் பதி என்னும் இறைவன் பசு என்னும் உயிரால் மாறுவதில்லை. பூமியோ நிலாவால் மாறுகிறது: அதன் நாள் நீள்கிறது, கடல் அசைகிறது, சாய்ந்த அச்சு பெரிதாக ஆடாமல் நிற்கிறது. இங்கே இரண்டு பக்கமும் பசுக்கள்தான். அறிவியலைச் சாத்திரத்துக்கு ஜால்ரா போட வைப்பவர்கள் பொதுவாக இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

உறவுக்கு நடுவே பார்ப்பவரும் வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ள மேல்விஷாரத்துக்கோ ஆம்பூருக்கோ ரமலான் 29ஆம் நாள் மாலையில் போக வேண்டும். மஃரிப் தொழுகை முடிந்ததும் மேற்கு வானத்தில்தான் எல்லார் கண்ணும். பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் முப்பது நோன்பு. பள்ளிவாசல்களுக்குத் தகவல் வந்து, சென்னையில் தலைமை காஜி அறிவித்த பிறகுதான் டேனரியிலும் ஷூ கம்பெனியிலும் நாளைக்கு லீவா ஷிப்டா என்பது உறுதியாகும். பிரியாணி அண்டாவுக்குச் சொல்லிவைத்தவர்கள் அதுவரை தவிப்பில் இருப்பார்கள்.

தெரியவேண்டிய பிறை நிலாவின் சொத்து இல்லை. நிலாவில் பாதி எப்போதும் வெயிலில்தான் இருக்கிறது. சூரியன், நிலா, பூமி மூன்றும் குறிப்பிட்ட கோணத்தில் அமைந்து, பூமியில் குறிப்பிட்ட இடத்தில் ஒரு கண் இருந்தால்தான் பிறை உண்டு. சூரியனிலிருந்து நிலா ஏழு பாகையாவது விலகாவிட்டால் பிறையே தெரியாது என்று பிரெஞ்சு வானியலாளர் ஆந்த்ரே டான்ஜோன் கணித்தார். அமாவாசை நொடி உலகத்துக்கே ஒன்றுதான். பிறை அப்படியில்லை. மக்காவில் சூரியன் மறைவது திமிரியில் மறைந்து இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகு. அந்த இடைவெளியில் நிலா சூரியனைவிட்டு இன்னும் ஒரு பாகைக்கு மேல் விலகிவிடும். ஆம்பூர் வானில் பிடிபடாதது அங்கே பிடிபடுவதற்கு அதுவே போதும்.

இதனால்தான் மூன்று கட்சி. உள்ளூரில் கண்ணால் கண்டால்தான் மாதம் என்பவர்கள். உலகில் எங்கே கண்டாலும் போதும் என்பவர்கள். அமாவாசையைக் கணக்கிட்டுவிட்டால் காத்திருக்கவே வேண்டாம் என்பவர்கள். மூன்றாமவர்கள் கையில் வருடக் காலண்டரே அச்சாகி இருக்கிறது. வானியல் தெரிந்தவர்களுக்கு மூன்றாம் கட்சிதான் சட்டென்று பிடிக்கும். ஆனால் கணிதம் சொல்வது நிலா எங்கே இருக்கிறது என்பதை. மாதம் எப்போது பிறக்கிறது என்பதைக் கணிதம் சொல்லாது. நிலாவின் இருப்பில் இருந்து தொடங்குவதா, அதோடு நமக்கு நேர்ந்த சந்திப்பில் இருந்து தொடங்குவதா என்பது மார்க்கத்தின் கேள்வி. அதை மார்க்க அறிஞர்கள் புதிதாகவும் கேட்கவில்லை. சஹீஹ் முஸ்லிம் என்ற ஹதீஸ் தொகுப்பில் குரைப் என்பவரின் சம்பவம் இருக்கிறது. சிரியாவுக்குப் போயிருந்த அவர் அங்கே வெள்ளி இரவு ரமலான் பிறையைக் கண்டார். மதீனா திரும்பியதும் நபித்தோழர் இப்னு அப்பாஸ் விசாரித்தார். மதீனாவில் சனி இரவுதான் பிறை தெரிந்திருந்தது. சிரியாவில் கண்டது போதாதா, ஆட்சியாளர் முஆவியாவும் நோன்பு வைத்தாரே என்று குரைப் கேட்டார். போதாது என்றார் இப்னு அப்பாஸ். மதீனாவில் காணும்வரை, அல்லது முப்பது நிறையும்வரை நோன்பைத் தொடர்வோம் என்றார்.

அந்தப் பதிலை உள்ளூர்ப் பிறைக்கு ஆதாரமாக இன்றும் ஒரு தரப்பு காட்டுகிறது. அது இப்னு அப்பாஸின் சொந்த ஆய்வு முடிவுதான், எல்லாக் காலத்துக்கும் சட்டம் இல்லை என்று மறுதரப்பு சொல்கிறது. தோல் ஊர்களின் தெருக்களில் இரண்டு தரப்பும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருக்கின்றன. சில ஆண்டுகளில் ஒரு வீட்டில் பெருநாள் சேமியா கிண்டும்போது அடுத்த வீட்டில் கடைசி நோன்புக்கான கஞ்சி கொதிக்கிறது.